தரம் 6 அனுமதி: இரண்டு வெட்டுப்புள்ளியும் ஒரு விருப்பப் பட்டியலும்

தரம் 6இல் வேறு பாடசாலைக்குப் போக வழி திறக்கும் தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையின் பெறுபேறு வெளியான அன்றிரவு பெற்றோரின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரே கேள்விதான் ஓடும்: "கட்-ஓஃப் எவ்வளவாம்?" அதற்கு யாராவது ஓர் எண்ணைப் போடுவார். இன்னொருவர் வேறோர் எண்ணைப் போடுவார். இருவர் சொல்வதும் சரியாக இருக்கலாம், ஏனென்றால் அவர்கள் பேசுவது இரண்டு வேறு வெட்டுப்புள்ளிகளைப் பற்றி, அதாவது எட்ட வேண்டிய ஆகக்குறைந்த புள்ளிகளைப் பற்றி. இந்த இரண்டையும் போட்டுக் குழப்புவதில்தான் பாதிப் பிழை தொடங்குகிறது. மீதிப் பிழை, பாடசாலை விருப்பப் பட்டியலை எழுதும்போது நடக்கிறது. பரீட்சைக்கு இரண்டு வருடம் ரியூசன் அனுப்பிய வீட்டில், அந்தப் பட்டியலை இரவு பத்து மணிக்குப் பத்து நிமிடத்தில் எழுதி முடிப்பார்கள்.

முதலில் பரீட்சையைப் பற்றிச் சுருக்கமாக. பரீட்சைத் திணைக்களம் நடத்தும் தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையில் இரண்டு வினாத்தாள்கள். முதலாம் பகுதியில் 40 வினாக்கள், ஒரு மணித்தியாலம், பெரும்பாலும் நுண்ணறிவு சார்ந்தவை. இரண்டாம் பகுதியில் 60 வினாக்கள், ஒன்றேகால் மணித்தியாலம். தாய்மொழி, கணிதம், சுற்றாடல், இரண்டாம் மொழி, ஆங்கிலம் எல்லாம் அதற்குள் அடங்கும். ஒவ்வொன்றுக்கும் 100 வீதம் மொத்தம் 200 புள்ளி. அண்மைய வருடங்களில் இரண்டாம் பகுதிதான் முதலில் வருகிறது: 9.30இலிருந்து 10.45 வரை. இடைவேளைக்குப் பிறகு 11.15இலிருந்து 12.15 வரை முதலாம் பகுதி. நுண்ணறிவு வினாக்களில் பலம் உள்ள பிள்ளை களைத்த பிறகுதான் அதைத் தொடுகிறது. ஆகவே வீட்டில் மாதிரி வினாத்தாள் செய்விப்பவர்கள் அதே ஒழுங்கில், அதே அரை மணி இடைவேளையோடு செய்விப்பதே நல்லது.

ஒவ்வொரு பகுதியிலும் 35 எடுத்து மொத்தம் 70ஐத் தாண்டிய பிள்ளைகளின் விகிதத்தைப் பெறுபேறு வரும்போது அறிவிப்பார்கள். அது பிள்ளை அடிப்படைத் தேர்ச்சி பெற்றதைக் காட்டும் அளவு. 70க்கும் கொழும்பில் ஒரு பெரிய பாடசாலையில் கிடைக்கும் ஆசனத்துக்கும் சம்பந்தமே இல்லை. "என்ட மகள் பாஸ், 96 எடுத்தவள், ஏன் பாடசாலை கிடைக்கேல்ல?" என்று வலயக் கல்வி அலுவலகத்துக்கு வரும் பெற்றோர் இன்னும் இருக்கிறார்கள்.

இரண்டு வெட்டுப்புள்ளிகள்

முதலாவது, மாவட்ட வெட்டுப்புள்ளி. இதைப் பெறுபேற்றோடு சேர்த்துப் பரீட்சைத் திணைக்களம் வெளியிடும். மாவட்டத்துக்கு மாவட்டமும், சிங்கள மொழிமூலம், தமிழ் மொழிமூலம் என்றும் தனித்தனியாக வரும். இதைத் தாண்டிய பிள்ளை, குடும்ப வருமானம் நிர்ணயித்த எல்லைக்குள் இருந்தால், மாதாந்தப் புலமைப்பரிசில் கொடுப்பனவுக்கு உரியது. 750 ரூபாவாக இருந்த அந்தத் தொகை 2025ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் 1,500 ஆக்கப்பட்டது. வருமான எல்லையை மீறிய வீட்டுப் பிள்ளைக்குப் பணம் வராது, ஆனால் அதனால் பாடசாலை வாய்ப்புக் குறையாது. இதைப் பலர் தெரிந்துகொள்ளாமல், பிள்ளைக்குப் பாடசாலை கிடைக்காது என்ற பயத்தில் விண்ணப்பத்தில் வருமானத்தைக் குறைத்து எழுதுகிறார்கள். அது தேவையே இல்லாத பொய், பின்னர் கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தலில் மாட்டிக்கொள்ளவும் கூடும்.

இரண்டாவது, பாடசாலை வெட்டுப்புள்ளி. இதைக் கல்வி அமைச்சு வெளியிடும், அதுவும் பெறுபேறு வந்து சில வாரங்களோ மாதங்களோ கழித்து. ஒவ்வொரு பாடசாலைக்கும், ஒவ்வொரு மொழிமூலத்துக்கும் ஓர் எண். கொழும்பின் முன்னணிப் பாடசாலைகளுக்கு இந்த எண் மாவட்ட வெட்டுப்புள்ளியைவிட வெகு உயரத்தில் நிற்கும். மாவட்ட வெட்டுப்புள்ளியைத் தாண்டியது விண்ணப்பிக்கும் வாசலைத் திறக்கிறது. எந்த வகுப்பறையில் போய் இருப்பது என்பதை இந்த இரண்டாவது எண் சொல்கிறது.

ஒரே பாடசாலைக்குச் சிங்கள மொழிமூலத்துக்கு ஓர் எண்ணும் தமிழ் மொழிமூலத்துக்கு இன்னோர் எண்ணும் இருப்பதைப் பார்த்து அநியாயம் என்று குமுறுபவர்கள் உண்டு. இரு தரப்புக்கும் ஆசனங்கள் தனி, போட்டியாளர் தொகை தனி, எழுதிய மொழி தனி. ஆகவே எண்ணும் தனியாகத்தான் இருக்கும். சிங்கள மொழிமூலத்தில் படிக்கும் தமிழ்ப் பிள்ளை சிங்களத்தில் எழுதி, சிங்கள மொழிமூல ஆசனத்துக்கே போட்டியிடுகிறது. வீட்டில் பேசும் மொழியையோ பிறப்புச் சான்றிதழில் உள்ள இனத்தையோ யாரும் பார்ப்பதில்லை.

இன்னொன்று: தரம் 1 அனுமதியில் பழகிப்போன கணக்கை இங்கே கொண்டுவரக் கூடாது. தரம் 1இல் ஆசனங்களைப் பிரிவு பிரிவாகப் பிரிப்பார்கள். அண்மையில் வசிப்போருக்கு 50 சதவீதம், பழைய மாணவரின் பிள்ளைகளுக்கு 25, ஏற்கெனவே படிக்கும் பிள்ளைகளின் சகோதரருக்கு 15, கல்வித்துறை ஊழியரின் பிள்ளைகளுக்கு 5, இடமாற்றம் பெற்று வந்த அரச ஊழியரின் பிள்ளைகளுக்கு 4, வெளிநாட்டிலிருந்து திரும்பியவர்களுக்கு 1. அங்கே வாக்காளர் இடாப்பும் வீட்டு உறுதியும்தான் பேச்சு. புலமைப்பரிசில் வழியாகத் தரம் 6க்கு வரும் பிள்ளைக்கு இவை எதுவும் இல்லை. வெள்ளவத்தையில் வீடு இருப்பதும் வவுனியாவில் வீடு இருப்பதும் ஒன்றே. நாட்டின் எந்த மூலையிலிருந்தும் கொழும்புப் பாடசாலைக்கு விண்ணப்பிக்கலாம். அதனால்தான் கொழும்புத் தமிழ் மொழிமூல ஆசனங்களின் வெட்டுப்புள்ளி கொழும்புப் பிள்ளைகளின் திறமையை மட்டும் காட்டுவதில்லை. யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ நல்ல புள்ளி எடுத்து, கொழும்பில் உறவினர் வீட்டில் நிற்கக்கூடிய பிள்ளையும் அதே வரிசையில் நிற்கிறது.

ஆசனம் எப்படிப் பகிரப்படுகிறது

வெட்டுப்புள்ளியை யாரோ அமைச்சில் உட்கார்ந்து "இந்த வருடம் இவ்வளவு" என்று தீர்மானிப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஒவ்வொரு பாடசாலையிலும் தரம் 6இல் புலமைப்பரிசில் பிள்ளைகளுக்கு எத்தனை இடம் என்பது முதலில் தெரிந்திருக்கும். பிள்ளைகளைப் புள்ளி வரிசையில் நிறுத்தி, மேலிருந்து ஒவ்வொருவராக, அவரவர் பட்டியலில் இடம் மிச்சமுள்ள முதலாவது பாடசாலையைக் கொடுத்துக்கொண்டு வந்தால், கடைசி ஆசனம் எந்தப் புள்ளியில் நிரம்பியதோ அதுதான் அந்தப் பாடசாலையின் வெட்டுப்புள்ளி. எண் பகிர்வின் முடிவில் பிறக்கிறது.

கணக்குக்காக மூன்று பாடசாலைகளை வைத்துக்கொள்வோம், எண்கள் வெறும் உதாரணம். 'அ'வில் 40 இடம், 'ஆ'வில் 80, 'இ'யில் 120. 'அ'வின் நாற்பதாவது ஆசனம் 172 எடுத்த பிள்ளையோடு நிரம்பிவிட்டது. 171 எடுத்த உங்கள் பிள்ளை 'அ', 'ஆ', 'இ' என்று எழுதியிருந்தால் 'அ'வைத் தவறவிட்டு அடுத்ததாக 'ஆ'வுக்குப் பார்க்கப்படும். அங்கே 165 வரை இறங்கியிருந்தால் 'ஆ' கிடைத்துவிடும். 'அ'வை முதலில் எழுதியதால் 'ஆ'வில் எந்த நட்டமும் இல்லை.

இதைப் புரிந்துகொண்டால் பட்டியல் எழுதும் இரண்டு பெரிய பிழைகளும் தெரிந்துவிடும். ஒன்று பயத்தால் வருவது. 174 எடுத்த பிள்ளைக்கு "அ கிடைக்காது, எதுக்கு வீணா" என்று 'ஆ'வை முதலில் எழுதுவது. 'அ'வின் எண் 172 என்று வெளியாகும்போது அந்தப் பிள்ளைக்கு 'ஆ' ஏற்கெனவே ஒதுக்கப்பட்டிருக்கும். மேலே போக இனி மேன்முறையீடு ஒன்றுதான் வழி. மற்றது பெருமையால் வருவது. 150 எடுத்த பிள்ளைக்கு ஊரெல்லாம் பெயர் தெரிந்த நான்கு பாடசாலைகளை மட்டும் எழுதிவிட்டு மிச்சக் கட்டங்களை வெறுமையாக விடுவது. நான்கிலும் எட்டாவிட்டால் அந்தப் பிள்ளையின் 150க்கு எந்தப் பயனும் இல்லாமல் போகிறது. 150க்குக் கிடைத்திருக்கக்கூடிய, உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவும் உள்ள நல்லதொரு பாடசாலையை (1ஏபி வகை), அதே 150ஐ எடுத்து அதைப் பட்டியலில் எழுதிய வேறு பிள்ளை எடுத்துக்கொள்ளும்.

ஆகவே விதி எளிது. உண்மையாகவே எந்த ஒழுங்கில் விரும்புகிறீர்களோ அந்த ஒழுங்கில் எழுதுங்கள், தரப்பட்ட எல்லாக் கட்டங்களையும் நிரப்புங்கள், கடைசி ஒன்றிரண்டு நிச்சயமாகக் கிடைக்கக்கூடியவையாக இருக்கட்டும். அந்தக் கடைசிப் பாடசாலை, பிள்ளை இப்போது படிக்கும் பாடசாலையைவிட உண்மையிலேயே நல்லதாகவும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அதை எழுதாமல் இருந்த இடத்திலேயே இருப்பது மேல்.

கடந்த வருட வெட்டுப்புள்ளிகளைப் பார்ப்பதில் தவறில்லை, ஆனால் எண்ணைப் பார்க்காமல் ஒழுங்கைப் பாருங்கள். எந்தப் பாடசாலை எதற்கு மேலே நிற்கிறது என்பது வருடத்துக்கு வருடம் பெரிதாக மாறாது. எண் மாறும். வினாத்தாள் சற்றுக் கடினமானால் எல்லாம் இறங்கும். 2024ஆம் ஆண்டுப் பரீட்சையில் மூன்று வினாக்கள் முன்கூட்டியே கசிந்த விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போய், அந்த மூன்றுக்கும் எல்லாப் பரீட்சார்த்திகளுக்கும் முழுப் புள்ளி வழங்கும்படி 2024 டிசம்பர் 31ஆம் திகதி தீர்ப்பு வந்தது. அந்த வருட எண்களை வைத்து அடுத்த வருடம் "நாலு புள்ளி கூடக் கிடக்கு, பயமில்ல" என்று கணக்குப் போட்டால் ஏமாற்றந்தான். உங்கள் பிள்ளையின் புள்ளி மாவட்ட வெட்டுப்புள்ளியிலிருந்து எவ்வளவு தூரத்தில் நிற்கிறது, கடந்த வருடம் அந்தப் பாடசாலை அந்த வருட மாவட்ட வெட்டுப்புள்ளியிலிருந்து எவ்வளவு தூரத்தில் நின்றது என்று ஒப்பிட்டால் ஓரளவு நம்பலாம்.

கொழும்பில் தமிழ் மொழிமூலத்துக்கு என்ன இருக்கிறது

இங்கேதான் பெற்றோர் அதிக நேரம் செலவிட வேண்டும். கல்வி அமைச்சின் நேரடி நிர்வாகத்திலுள்ள தேசிய பாடசாலைகளில் ஆண் பிள்ளைகளுக்கு ரோயல் கல்லூரியின் தமிழ்ப் பிரிவு, டி.எஸ். சேனாநாயக்க கல்லூரி, இசிப்பத்தன கல்லூரி, பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி ஆகியவை தமிழ்ப் பெற்றோரின் வாயில் முதலில் வரும். பெண் பிள்ளைகளுக்குப் பம்பலப்பிட்டியில் இராமநாதன் இந்து மகளிர் கல்லூரி, முஸ்லிம் மகளிர் கல்லூரி. கொழும்பு 12இல் உள்ள ஹமீத் அல் ஹுசைனியா கல்லூரி ஆண் பிள்ளைகளுக்கானது. தெற்கே போனால் இரத்மலானை இந்துக் கல்லூரி, வடக்கே கொழும்பு 13இல் விவேகானந்தா கல்லூரி. சிங்கள மொழிமூலத்தில் தேவி பாலிகா போலத் தரம் 6இலிருந்தே பிள்ளைகளைச் சேர்க்கும் பாடசாலை உண்டு. தமிழ் மொழிமூலத்தில் பெரும்பாலான பாடசாலைகளுக்குத் தரம் 1இலிருந்தே வகுப்புகள் இருக்கின்றன. ஆகவே தரம் 6இல் புதிதாகத் திறக்கும் ஆசனங்கள் குறைவு. போட்டி கடுமையாவதற்கு ஒரு காரணம் இதுதான்.

கொட்டாஞ்சேனை சென் பெனடிக்ற், நல்லாயன் கன்னியர் மடம், மருதானை ஸாஹிரா போன்றவை அரசு கையேற்காமல் விட்ட, உதவி பெறும் பாடசாலைகள். 1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களால் பெரும்பாலான மிஷன் பாடசாலைகளை அரசு எடுத்தபோது சில மட்டும் தங்கள் நிர்வாகத்தைத் தக்கவைத்துக்கொண்டன. இப்படியான பாடசாலைகள் தரம் 6 அனுமதியைத் தங்கள் சொந்த நடைமுறைப்படி, சொந்த விண்ணப்பத் திகதிப்படி நடத்துகின்றன. அமைச்சின் பட்டியலை நம்பிக் காத்திருந்தால் அவர்களின் திகதி கடந்துவிடும். ஆர்வம் இருந்தால் பெறுபேறு வருமுன்பே பாடசாலை அலுவலகத்தில் விசாரித்து வைத்துவிடுங்கள். சர்வதேசப் பாடசாலைகள் வேறு கதை. அவை கம்பனிச் சட்டத்தின் கீழ் பதிந்தவை. அங்கே படிக்கும் பிள்ளை இந்தப் பரீட்சைக்குத் தோற்ற முடியாது, பின்னர் அரச பாடசாலைக்குள் வருவதும் இலேசல்ல.

பாடசாலையின் பெயரைவிட அதன் வகையைப் பாருங்கள். 1ஏபி என்றால் உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவு உண்டு. 1சி என்றால் கலை, வர்த்தகம் மட்டும். வகை 2 என்றால் தரம் 11 வரைதான். உங்கள் பிள்ளை வைத்தியராகவோ பொறியியலாளராகவோ வர வேண்டும் என்று கனவு காண்பவர்கள், 1சி பாடசாலையைத் தேர்ந்தால் தரம் 12இல் இன்னொரு முறை பாடசாலை தேட வேண்டி வரும். 1ஏபி என்றாலும் அந்த விஞ்ஞானப் பிரிவு தமிழ் மொழிமூலத்தில் நடக்கிறதா, பௌதிகவியலுக்கும் இணைந்த கணிதத்துக்கும் தமிழ் மொழிமூல ஆசிரியர் நிரந்தரமாக இருக்கிறாரா என்பதை அங்கே ஏற்கெனவே படிக்கும் பிள்ளைகளின் பெற்றோரிடம் கேளுங்கள். அலுவலகத்தில் கேட்டால் "இருக்கு" என்றுதான் பதில் வரும்.

இருமொழிக் கல்வி, அதாவது சில பாடங்களை ஆங்கிலத்தில் படிப்பது, தரம் 6இலிருந்து தொடங்குகிறது. அந்த வகுப்பில் இடம், பாடசாலைக்குள்ளேயே ஒரு தெரிவின் மூலம் வரும். புலமைப்பரிசில் வெட்டுப்புள்ளி அதற்கு உறுதி தராது. ஆங்கில மொழிமூல வகுப்பு கிடைத்தாலும் தமிழ் தாய்மொழிப் பாடமாகத் தொடரும்.

போக்குவரத்தைப் பற்றி யாரும் பட்டியல் எழுதும்போது யோசிப்பதில்லை, ஜனவரியில்தான் யோசிக்கிறார்கள். மட்டக்குளியில் இருக்கும் பதினொரு வயதுப் பிள்ளை பம்பலப்பிட்டிக்கு 7.30 மணிக்கு முன் போய்ச் சேர வேண்டும் என்றால் வேனில் ஆறு மணிக்கு ஏற வேண்டி வரும். வருடக்கணக்கில், ஒவ்வொரு நாளும். ஸ்கூல் வேன் பிடிப்பதானால் பெறுபேறு வந்த வாரமே வேன்காரரோடு கதைத்து வையுங்கள், நல்ல வேன்கள் நவம்பரிலேயே நிறைந்துவிடும். இலங்கைப் போக்குவரத்துச் சபையின் பாடசாலைப் பிள்ளைகளுக்கான சிசு செரிய பஸ் உங்கள் பாதையில் ஓடினால் செலவு மிகக் குறைவு. ஒருநாள் காலை ஆறரை மணிக்கு அந்தப் பாதையில் போய்ப் பார்த்துவிட்டு வந்து பட்டியலின் ஒழுங்கை முடிவு செய்தால், 'ஆ' சில வேளை 'அ'வுக்கு மேலே ஏறும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

விண்ணப்பமும் பிழைகளும்

பரீட்சை விண்ணப்பத்தைப் பாடசாலை அதிபர் இணையவழியில் அனுப்புகிறார். பெற்றோர் செய்ய வேண்டியது, அனுப்புமுன் அதன் அச்சுப் பிரதியைக் கேட்டு வாங்கி மூன்று விடயங்களைப் பார்ப்பது: பெயரின் எழுத்து பிறப்புச் சான்றிதழில் உள்ளபடி இருக்கிறதா, பிறந்த திகதி சரியா, மொழிமூலம் சரியா. தமிழ்ப் பெயர்களை ஆங்கிலத்தில் தட்டச்சு செய்யும்போது ஓர் எழுத்துக் கூடிக் குறையும். பரீட்சை முடியும்வரை அது யாருக்கும் உறுத்தாது. புதிய பாடசாலை அலுவலகத்தில் மூலப் பிறப்புச் சான்றிதழையும் பெறுபேற்றுத் தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதுதான் உறுத்தும்.

பெறுபேற்றைச் சுட்டெண்ணைக் கொடுத்துப் பரீட்சைத் திணைக்கள இணையத்தளத்தில் பார்க்கலாம். பாடசாலைக்கான முழுப் பெறுபேறும் அதிபரின் கணக்குக்குப் போகும். முதல் மணித்தியாலத்தில் தளம் இழுத்தடிக்கும், பதற வேண்டாம். பார்த்ததும் திரையைப் படம்பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். பாடசாலைத் தெரிவு விண்ணப்பமும் இப்போது இணையவழியே, அமைச்சு அறிவிக்கும் இறுதித் திகதிக்குள். சமர்ப்பித்தபின் பாடசாலைகளின் ஒழுங்கு நீங்கள் சொன்னபடியே பதிவாகியிருக்கிறதா என்று அச்செடுத்துப் பாருங்கள். பெயர் ஒத்த பாடசாலைகள் கொழும்பில் பல. 'இந்துக் கல்லூரி' என்று பம்பலப்பிட்டியிலும் இரத்மலானையிலும் உண்டு. தெரிவுப் பெட்டியில் ஒரு வரி மேலே கீழே போனால் பிள்ளை வேறொரு நகர முனைக்குப் போய்விடும்.

மீள்பரிசீலனை வேறு, மேன்முறையீடு வேறு

விடைத்தாளில் புள்ளி பிழையாகக் கூட்டப்பட்டிருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் அது மீள்பரிசீலனை. பரீட்சைத் திணைக்களத்துக்குப் போக வேண்டியது. கால அவகாசம் பெறுபேறு வந்தவுடனேயே ஆரம்பித்துச் சில நாட்களிலேயே முடிந்துவிடும். புள்ளி சரி, ஆனால் பாடசாலை கிடைக்கவில்லை என்றால் அது மேன்முறையீடு. கல்வி அமைச்சுக்குப் போக வேண்டியது. பாடசாலை வெட்டுப்புள்ளிகள் வெளியான பிறகுதான் அது திறக்கும். பாடசாலை கிடைக்காததற்கு மீள்பரிசீலனை கேட்பவரும், புள்ளிக் கூட்டல் பிழைக்கு அமைச்சு வாசலில் நிற்பவரும் ஒவ்வொரு வருடமும் உண்டு. அமைச்சு பத்தரமுல்லை இசுருபாயவிலும், பரீட்சைத் திணைக்களம் அதே பத்தரமுல்லையின் பெலவத்தையிலும் இருப்பது இந்தக் குழப்பத்தைக் கூட்டவே செய்கிறது.

மேன்முறையீட்டில் இடம் எங்கிருந்து வருகிறது? ஒதுக்கப்பட்ட சில பிள்ளைகள் வந்து சேர்வதில்லை. சிலர் உதவி பெறும் பாடசாலைக்குப் போய்விடுகிறார்கள், சிலர் பழைய பாடசாலையிலேயே நின்றுவிடுகிறார்கள், சிலர் வெளிநாடு. அந்த வெற்றிடங்களைத்தான் மேன்முறையீட்டில் நிரப்புகிறார்கள். ஆகவே வெட்டுப்புள்ளிக்கு ஒன்றிரண்டு புள்ளி கீழே நிற்பவருக்கு மேன்முறையீடு அர்த்தமுள்ளது. பதினைந்து புள்ளி கீழே நிற்பவர், பாட்டனார் அந்தப் பாடசாலையில் படித்தது, தாயார் நோயாளி, வீடு பக்கத்தில் என்று நான்கு பக்கம் எழுதினாலும் புள்ளிதான் முதலில் பார்க்கப்படும். எழுதுவதானால் அரைப் பக்கம் போதும்: சுட்டெண், புள்ளி, கேட்கும் பாடசாலை, அதன் வெட்டுப்புள்ளி, ஆவணத்தோடு கூடிய காரணம் ஒன்று.

இடம் கிடைத்ததாகக் கடிதம் கைக்கு வருமுன் பழைய பாடசாலையில் விடுகைப் பத்திரம் எடுக்கவே கூடாது. மேன்முறையீடு "கட்டாயம் சரிவரும்" என்று யாரோ சொன்னதை நம்பி எடுத்துவிட்டு, டிசம்பரில் இரண்டு பாடசாலையும் இல்லாமல் நிற்கும் நிலை வேண்டாம். கடிதம் வந்தபின் அதில் உள்ள திகதிக்குள் போய்ச் சேர்வதும் அதே அளவு முக்கியம். போகாத ஆசனம் அடுத்தவருக்கு.

வெட்டுப்புள்ளிக்குக் கீழே நிற்பவர்கள்

எண்ணிக்கையில் இவர்கள்தான் பெரும்பான்மை. பிள்ளை இப்போது படிக்கும் பாடசாலையில் தரம் 6 இருந்தால் ஒரு விண்ணப்பமும் இல்லாமல் அங்கேயே தொடரலாம். தரம் 5 வரை மட்டுமுள்ள வகை 3 பாடசாலையானால் மட்டுமே வெளியே போக வேண்டும். அந்தப் பிள்ளைகளுக்கு அருகிலுள்ள பாடசாலையில் இடம் ஒழுங்கு செய்வது வலயக் கல்வி அலுவலகத்தின் பொறுப்பு. கொழும்பு மாவட்டத்தில் கொழும்பு, ஸ்ரீ ஜயவர்தனபுர, பிலியந்தலை, ஹோமாகம என்று நான்கு வலயங்கள். உங்கள் பாடசாலை எந்த வலயம் என்று அதிபரிடம் கேட்டு அங்கே போங்கள். வீட்டு முகவரியை வைத்து ஊகித்துப் போனால் அலைச்சல்தான்.

"தரம் 7இல் மாற்றிக்கொள்ளலாம்" என்பது கொழும்பில் அடிக்கடி கேட்கும் ஆறுதல். இடைத்தர அனுமதி என்ற ஒன்று உண்டு. ஆனால் வகுப்பில் வெற்றிடம் இருக்க வேண்டும். மாகாணப் பாடசாலையானால் மேல் மாகாணக் கல்வித் திணைக்களமும் வலயமும், தேசிய பாடசாலையானால் அமைச்சும் இடையில் வரும். நிரம்பிய பாடசாலையில் வெற்றிடம் என்பது யாராவது விலகினால்தான். இதில்தான் தரகர்கள் நுழைகிறார்கள். "ஆள் தெரியும்" என்று ஆரம்பித்து, கட்டடத்துக்கு, பேண்ட் வாத்தியத்துக்கு என்று தொகை சொல்வார்கள். அரச பாடசாலையில் அனுமதிக்காக நன்கொடை கேட்பது சட்டவிரோதம். வசதிக் கட்டணமும் பாடசாலை அபிவிருத்திச் சங்கச் சந்தாவும் பற்றுச்சீட்டோடு, அனுமதி முடிந்தபின் கட்டுவன. யாராவது முன்கூட்டியே கேட்டால் இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் 1954க்கு அழைக்கலாம். அனுமதி விடயமாகக் கல்வி அமைச்சுக்கு 1988, பரீட்சை, பெறுபேறு விடயமாகத் திணைக்களத்துக்கு 1911.

இன்னொரு உண்மையான கதவு தரம் 12. சாதாரண தரத்தில் ஆறு பாடங்களில் சித்தியும் அவற்றில் மூன்றில் திறமைச் சித்தியும் உயர்தரத்துக்கான அடிப்படை. நல்ல பெறுபேறு எடுத்த பிள்ளை வேறு பாடசாலைக்கு விண்ணப்பிக்கலாம். அங்கே பாடப்பிரிவுக்கு ஏற்பப் பாடசாலை தெரிவு செய்கிறது. பதினொரு வயதில் 140 எடுத்த பிள்ளையும் 170 எடுத்த பிள்ளையும் பதினாறு வயதில் அந்த வரிசையில் பழைய புள்ளி இல்லாமல் நிற்பார்கள்.

புதிய பாடசாலைக்கு முதல்நாள் கொண்டுபோக வேண்டியவை: அனுமதிக் கடிதம், பெறுபேற்றுத் தாள், மூலப் பிறப்புச் சான்றிதழ், விடுகைப் பத்திரம், பெற்றோரின் அடையாள அட்டை. எல்லாவற்றிலும் இரண்டு போட்டோக் கொப்பி. மூலப் பிரதியை அலுவலகத்தில் விட்டுவிட்டு வராதீர்கள்.